தோற்றவர் வீடு திரும்பிய காலம்

என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த தம்பி ஒருவன் இப்போது குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் காட்பாடி ரயில் நிலையத்தில் பார்த்தபோது கேட்டான்: "சார், ரோமில் ராஜாவைத் துரத்திவிட்டு 450 வருஷத்துக்கு மேல் குடியரசு நடத்தினார்கள் என்று படித்தேன். அவ்வளவு பழகிப்போன ஒன்றை எப்படி சார் இழந்தார்கள்? சீசர் ஒருத்தரால் ஆனதா? நம்முடையது 75 வருஷம்தானே ஆகிறது?" அதற்குள் ரயில் வந்துவிட்டது, பாதி பதில்தான் சொன்னேன். மீதியை எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும் தம்பி, பொறுமையாகப் படி.

முதலில் சீசர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அவர் கடைசியில் வந்தவர். கி.மு. 49-ல், படையோடு தாண்டக்கூடாத எல்லையான ரூபிகான் ஆற்றை அவர் தாண்டினபோது குடியரசு படுத்த படுக்கையாகி 80 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்னொன்று, ரோமில் யாருமே "இன்று முதல் குடியரசு கிடையாது" என்று அறிவிக்கவில்லை. செனட் என்ற மூத்தோர் சபை கூடிக்கொண்டே இருந்தது. வருஷா வருஷம் மாறும் தலைவர்களான கான்சல்கள் பதவியேற்றுக்கொண்டே இருந்தார்கள். தேர்தல்கூட நடந்தது. நம் வேலூர்க் கோட்டையை நினைத்துக்கொள். அகழி இருக்கிறது, மதில் இருக்கிறது. அதே மதிலுக்குள் விஜயநகரத்தார் இருந்தார்கள், பீஜப்பூர்க்காரர்கள் வந்தார்கள், மராட்டியர்கள் வந்தார்கள், ஆற்காட்டு நவாபின் உறவினர்கள் இருந்தார்கள், பிறகு ஆங்கிலேயர். வெளியே நின்று கல்லை மட்டும் பார்ப்பவனுக்கு எப்போது யார் கைக்குப் போனது என்று தெரியாது. ரோமானியர்களில் பெரும்பாலானவர்களுக்கும் அப்படித்தான் ஆனது.

அது என்ன மாதிரிக் குடியரசு என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மிச்சம் உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். கி.மு. 509-ல் கடைசி ராஜா டார்குவினைத் துரத்தினார்கள் என்பது மரபு. ராஜாவின் அதிகாரத்தை இரண்டு கான்சல்களிடம் ஒரே ஒரு வருஷத்துக்குக் கொடுத்தார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். சாமானியர்களைக் காக்கப் பத்து ட்ரிப்யூன்கள். அவர்களில் எவர் "தடுக்கிறேன்" என்று சொன்னாலும் சட்டம் அங்கேயே நிற்கும். அவர்கள் மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். ஆனால் இதை நம் மக்களாட்சியோடு ஒன்றாக வைத்துவிடாதே. பெண்களுக்கு வாக்கு இல்லை, அடிமைகளுக்கு எதுவுமே இல்லை. கான்சலைத் தேர்ந்தெடுக்கும் அவையில் குடிமக்களை 193 பிரிவாகப் பிரித்து, சொத்துள்ளவர்களின் பிரிவுகளை முதலில் கூப்பிடுவார்கள். பெரும்பான்மை சேர்ந்ததும் வாக்குப்பதிவை நிறுத்திவிடுவார்கள். கடைசிப் பிரிவில் அடைக்கப்பட்ட ஏழைகள் பல தேர்தல்களில் முறை வராமலே திரும்பினார்கள்.

ஆனாலும் அதில் மதிக்க வேண்டியது நிறைய இருந்தது. கி.மு. 139-ல் தேர்தலுக்கு ரகசிய வாக்கு கொண்டுவந்தார்கள். மெழுகு பூசிய சின்ன மரப்பலகையில் எழுதிக் கூடையில் போட வேண்டும். கூடைக்குப் போக ஒரு நடைபாலம். அதன் மேல் பெரிய வீட்டு ஆட்கள் நின்றுகொண்டு, யார் பேரை எழுதியிருக்கிறான் என்று எட்டிப் பார்த்தார்கள். கி.மு. 119-ல் மாரியஸ் என்ற ட்ரிப்யூன் ஒரு சட்டம் போட்டு அந்தப் பாலத்தின் அகலத்தைக் குறைத்தார், பக்கத்தில் இன்னொருத்தன் நிற்க இடமே இல்லாதபடி. தேர்தல் டியூட்டிக்குப் போன ஆசிரியர்களுக்கு இது புரியும். அட்டைத் தடுப்பை எந்தக் கோணத்தில் வைத்தால் ஜன்னல் வழியாக எவனும் பார்க்க முடியாது என்று, முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மேசையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தவன் நான்.

சரி, இதெல்லாம் எதன் மேல் நின்றது? ரோம் நகரத்துக்குள் போலீஸ் கிடையாது. படை நகர எல்லைக்குள் வரக்கூடாது. வருஷம் முடிந்ததும் கான்சல் எழுந்துபோனார் என்றால், கழியோடு நின்று அவரை எழுப்பியவர்கள் யாரும் இல்லை. அது வழக்கம், அவ்வளவுதான். தோற்றவரும் அப்படியே. அவர் அடுத்த வருஷம் மறுபடி நிற்கலாம். அதுவரை வீடு இருக்கும், நிலம் இருக்கும், தலை இருக்கும். இத்தனை வருஷம் படித்ததிலும் பாடம் நடத்தியதிலும் நான் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். தோற்றால் வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை இருந்தவரை ரோம் குடியரசாக இருந்தது. அது போனபிறகு தோற்பதற்கு யாருக்கும் துணிவில்லை. அப்புறம் ஜெயிப்பதற்காக எதையும் செய்தார்கள்.

அந்த நம்பிக்கை முதல்முதலாக உடைந்த நாள் கி.மு. 133-ல் வந்தது. சிறு விவசாயிகள் வருஷக்கணக்கில் ஸ்பெயினில் சண்டை போட்டுவிட்டு வந்து பார்த்தால் நிலம் கை நழுவியிருக்கும். போரில் பிடித்த அடிமைகளை வைத்துப் பணக்காரர்கள் பெரிய பண்ணைகள் நடத்தினார்கள். பொது நிலத்தில் ஒருவர் 500 யூகேராவுக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 310 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கக் கூடாது என்று பழைய சட்டம் இருந்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. டைபீரியஸ் கிராக்கஸ் என்ற ட்ரிப்யூன் அந்த வரம்பை அமல்படுத்தி மிச்ச நிலத்தை ஏழைகளுக்குப் பிரிக்க முயன்றார். சக ட்ரிப்யூன் ஆக்டேவியஸ் குறுக்கே நின்று "தடுக்கிறேன்" என்றார். டைபீரியஸ் என்ன செய்தார் தெரியுமா? மக்கள் அவையில் வாக்கெடுப்பு வைத்து ஆக்டேவியஸைப் பதவியிலிருந்தே நீக்கிவிட்டார். அதுவரை யாரும் செய்யாத காரியம். அடுத்து, வழக்கத்தை மீறி இரண்டாவது வருஷமும் ட்ரிப்யூனாக நிற்கப் போனார். பதவி போனால் தன்னைச் சும்மா விடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

தேர்தல் கூட்டத்துக்குள் செனட்டர்கள் சிலர், தலைமைப் பூசாரி ஸிப்பியோ நாசிகா முன்னால் வர, ஆட்களோடு நுழைந்தார்கள். கத்தி இல்லை. பெஞ்சுகளின் கால்களை உடைத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டைகளாலும் கற்களாலும் டைபீரியஸையும் அவரோடு இருந்த சுமார் 300 பேரையும் அடித்தே கொன்றார்கள். ராத்திரி பிணங்களை டைபர் ஆற்றில் தள்ளினார்கள். அவருடைய தம்பி உடலைக் கேட்டும் கொடுக்கவில்லை. கொன்றவர்களுக்குத் தண்டனை இல்லை. அதன் பிறகு கூடின விசாரணை, செத்தவர்களின் ஆதரவாளர்களைத்தான் தேடித் தேடித் தண்டித்தது.

வகுப்பில் நடத்தின காலத்தில் நான் டைபீரியஸ் பக்கம் நின்றே சொல்லிக்கொடுத்தேன். நிலத்தைப் பற்றி அவர் சொன்னது நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஆக்டேவியஸை நீக்கியது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக எதிராளியின் தடுக்கும் உரிமையைப் பிடுங்கலாம் என்று ஒருவர் செய்து காட்டினார். நியாயமே இல்லாதவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தம்பி, காயஸ் கிராக்கஸ், அதே மாதிரி மோதலில் செத்தார். இந்தத் தடவை செனட் போட்ட ஒரு தீர்மானத்தோடு துரத்தினார்கள். "குடியரசுக்குத் தீங்கு வராமல் கான்சல்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பதுதான் அதன் சாரம். பார்த்தால் எவ்வளவு சாதுவான வரி! அந்த வரியை வைத்துக்கொண்டு ஒபிமியஸ் என்ற கான்சல் விசாரணை இல்லாமல் ஆட்களைக் கொன்றார். 3000 பேர் என்கிறார் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். மறு வருஷம் வழக்குப் போட்டார்கள், விடுதலை ஆகிவிட்டார். அவரே ஒற்றுமை தேவதைக்கு ஒரு கோயிலும் கட்டினார். நெருக்கடி என்ற பேரில் திறந்த கதவை அதன்பின் ஒவ்வொருவரும் தன் தேவைக்குத் திறந்தார்கள்.

படையின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாலத்தைக் குறுக்கினாரே, அதே மாரியஸ், கி.மு. 107-ல் கான்சலாகி, நிலமில்லாதவர்களையும் படையில் சேர்த்தார். போர் முடிந்து வந்தால் அவர்களுக்கு நிலம் தரவேண்டிய பொறுப்பை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர்கள் தளபதியின் முகத்தைப் பார்த்தார்கள். கி.மு. 88-ல் கிழக்கே நடக்கவிருந்த போரின் தலைமையை மக்கள் வாக்கெடுப்பு சுல்லா என்ற கான்சலிடமிருந்து எடுத்து மாரியஸுக்குக் கொடுத்தது. சுல்லா நேராகப் படையிடம் போனார். ரோமை நோக்கி நடங்கள் என்றார். அதிகாரிகளில் ஒரே ஒருவரைத் தவிர எல்லாரும் விலகிப்போனார்கள். சிப்பாய்கள் நடந்தார்கள். சொந்தப் படை சொந்த நகரத்துக்குள் நுழைந்த முதல் நாள் அது. பிறகு கி.மு. 82-ல் திரும்பி வந்தவர் காலவரையறை இல்லாத சர்வாதிகாரி ஆனார். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலைச் சந்தைச் சதுக்கத்தில் ஒட்டினார். தலைக்கு இரண்டு டாலண்ட், அதாவது பெரிய தொகை, பரிசு. சொத்து ஏலத்துக்கு வந்தது. நல்ல தோட்டம் வைத்திருந்த பாவத்துக்காகவே சிலர் பேர் பட்டியலில் ஏறியது.

சுல்லா கடைசியில் தானாகவே பதவியை விட்டுப் போனார், பழைய ஒழுங்கை மீட்டுவிட்டோம் என்று நம்பினார். செனட்டை 600 பேராக்கினார், ட்ரிப்யூன்களின் பல்லைப் பிடுங்கினார், எந்த வயதில் எந்தப் பதவி என்று ஒழுங்குபடுத்தினார். பத்து வருஷம்கூட அது முழுசாக நிற்கவில்லை. பட்டியலைப் பார்த்த தலைமுறைக்கு அவர் எழுதின விதிகள் மனதில் பதியவில்லை. அவர் நடந்துவந்த பாதைதான் பதிந்தது.

இப்போது பணம். இதைச் சொல்லும்போது வேலூர்க்காரன் ஒருவனுக்குத் தொண்டை கட்டும்.

ரோமில் வாக்குக்குப் பணம் கொடுப்பது ஒரு தொழிலாகவே இருந்தது. குடிமக்கள் 35 குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் பட்டுவாடா செய்யத் தனி ஆட்கள், அவர்களுக்கென்று லத்தீனில் தனிப் பெயரே உண்டு. முடிவு வரும்வரை பணத்தைக் கையில் வைத்திருக்க இன்னொரு நடுவர். சட்டம் இல்லாமல் இல்லை. கி.மு. 67-ல் ஒன்று, கி.மு. 63-ல் கான்சலாக இருந்த பெரிய பேச்சாளர் சிசரோ கொண்டுவந்தது ஒன்று. மாட்டினால் பத்து வருஷம் நாடுகடத்தல். ஆனாலும் கி.மு. 54-ல் கான்சல் தேர்தலுக்குக் கடன் வாங்கின வாங்கலில், வருஷத்துக்கு 4 சதவீதமாக இருந்த வட்டி 8 சதவீதமாக ஏறியது. சிசரோவின் கடிதத்தில் இருக்கிறது. போட்ட பணத்தை எங்கே எடுப்பார்கள்? பதவிக்காலம் முடிந்ததும் ஏதாவது ஒரு மாகாணத்துக்கு ஆளுநராகப் போவார்கள், அங்கே எடுப்பார்கள். சிசிலியை மூன்று வருஷம் சுரண்டின வெர்ரஸ், முதல் வருஷ வசூல் தனக்கு, இரண்டாவது வருஷத்தது வக்கீல்களுக்கு, எல்லாவற்றிலும் கொழுத்த மூன்றாவது வருஷத்தது நீதிபதிகளுக்கு என்று ஒதுக்கிச் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சிசரோ வழக்கில் குற்றம்சாட்டினார்.

2019 ஏப்ரல் 16 உனக்கு நினைவிருக்கும். வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருந்தது. வருமான வரிச் சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டதாகவும், வார்டு வாரியாகப் பேர் எழுதிக் கட்டுக் கட்டாக இருந்ததாகவும் செய்தி வந்தது. தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார். ஆகஸ்ட் 5-ல் மறுபடி நடந்தது, 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. பண விநியோகத்தால் ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியில் நம் ஊர்ப் பேர் வந்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற ஒரு அம்மா இருந்தார். "ஏம்மா வாங்கறீங்க?" என்று ஒரு தேர்தலின்போது கேட்டேன். காசுக்கு ஆசை என்றோ கஷ்டம் என்றோ சொல்வார் என்று நினைத்தேன். கையில் இருந்த இலையை வெட்டிக்கொண்டே, "வாங்கலைன்னா எதிராளின்னு நெனச்சுக்குவாங்க சார். நாளைக்கி ஒரு கையெழுத்துக்குப் போய் நிக்கணுமே" என்றார். நான் வாயடைத்துப் போனேன். அவர் காசை வாங்கினது பயத்தில். தோற்கிற பக்கத்தில் இருந்தால் நாளைக்குத் தண்ணீரும் சான்றிதழும் நின்றுபோகும் என்று அவர் நம்பினார். அகலத்தைக் குறைத்த பாலமோ அட்டைத் தடுப்போ அந்தப் பயத்தை எடுக்கவில்லை.

இன்னொரு நோயும் உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நாற்காலி காலியாகக் கிடப்பது. லஞ்ச வழக்குகளாலும் ஒருவரை ஒருவர் தடுத்ததாலும் கி.மு. 53-ல் வருஷத்தின் முதல் பாதி முழுக்க ரோமுக்குக் கான்சலே இல்லை. அடுத்த வருஷமும் காலி நாற்காலியோடுதான் தொடங்கியது. ஜனவரியில் தெருச் சண்டைக் கும்பல் வைத்திருந்த குளோடியஸ் கொல்லப்பட்டார், அவர் ஆட்கள் உடலைச் செனட் மண்டபத்துக்குள் கொண்டுபோய், பெஞ்சுகளையும் பலகைகளையும் குவித்து அங்கேயே எரித்தார்கள். மண்டபமும் எரிந்தது. பயந்துபோன செனட், பாம்ப்பே என்ற பெரிய தளபதியை ஒற்றைக் கான்சலாக்கியது. இரண்டு பேர் இருக்கவேண்டிய பதவி. ஒருவரே ராஜாவாகிவிடக் கூடாது என்பதற்காகத்தானே அதை இரண்டாக வைத்தார்கள்? சட்டத்துக்குக் காவலர்கள் என்று பெயர் எடுத்த கேட்டோ போன்றவர்களே அதற்கு ஒப்புக்கொண்டார்கள். வெறும் நாற்காலியைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்களுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அரசியலமைப்பின் 243E பிரிவு ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு நாளும் தாண்டக்கூடாது என்கிறது. தேர்தல் நீதிமன்றத்தில் சிக்கியது. மற்ற 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தபோதும், புதிதாகப் பிரித்த மாவட்டங்கள் என்பதால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட ஒன்பது மாவட்டங்கள் காத்திருந்தன. நமக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. ஐந்து வருஷம், அதாவது ஒரு முழுப் பதவிக்காலமே காணாமல் போனது.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மேட்டுத் தெரு மோட்டார் எரிந்துபோனது. தலைவர் இல்லாததால் அரசு போட்டிருந்த தனி அலுவலர் நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றியத்து ஊராட்சிகள் எல்லாம் அவர் ஒருவர் தலையில். பெண்கள் குடத்தோடு பஸ் பிடித்து அலுவலகம் போனார்கள். கூட்டத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முன்பெல்லாம் தலைவர் வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கு நாலு பேர் நின்றால் அவர் பல் துலக்காமல் வெளியே வந்தாக வேண்டும், வராவிட்டால் அடுத்த தேர்தலில் தெரிந்துவிடும். இப்போது யார் வாசலில் நிற்பது? கிராம சபை பேருக்கு நடந்தது, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வலித்தது இதெல்லாம்கூட இல்லை. முதல் வருஷம் டீக்கடையில் தினமும் "தேர்தல் எப்போ" என்று பேச்சு இருந்தது. மூன்றாவது வருஷம் ஒருவரும் கேட்கவில்லை. வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது ஊரின் உரிமை என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது. 2025 ஜனவரியில் அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இது நடந்திருக்கிறது, அதனால் இதில் கட்சி பார்க்காதே.

சீசருக்கு வருகிறேன். கால் (Gaul) என்ற, இன்றைய பிரான்ஸ் பக்கத்து நாட்டில் ஒன்பது வருஷம் ஜெயித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. கி.மு. 59-ல் கான்சலாக இருந்தபோது சக கான்சல் பிபுலஸின் தலையில் சாணக் கூடையைக் கொட்டி விரட்டினார்கள். அவர் வருஷத்தின் மிச்சத்தை வீட்டிலேயே கழித்தார், சீசர் அவர் இல்லாமலே சட்டங்களை நிறைவேற்றிக்கொண்டார். பதவி இல்லாத சாதாரண ஆளாக ரோமுக்குத் திரும்பினால் வழக்குப் போடுவோம் என்று எதிரிகள் வெளிப்படையாகவே சொன்னார்கள். கி.மு. 50 டிசம்பரில், சீசரும் பாம்ப்பேயும் ஒரே நேரத்தில் படைகளைக் கைவிட வேண்டும் என்று செனட்டில் ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 370, எதிர்ப்பு 22. இந்த எண்களை நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். 370 பேர் சண்டை வேண்டாம் என்றார்கள், 22 பேர் வேண்டும் என்றார்கள், ஒன்றரை மாதத்துக்குள் சண்டை வந்துவிட்டது. பெரும்பான்மை வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது, சிறுபான்மை பாம்ப்பேயின் கையில் வாளைக் கொடுத்தது. பாம்ப்பேயைத் தோற்கடித்த பார்சலஸ் களத்தில் கிடந்த ரோமானியப் பிணங்களைப் பார்த்துச் சீசர் சொன்னதன் பொருள் இது: இதை அவர்களேதான் விரும்பினார்கள், படையின் துணையைத் தேடாமல் இருந்திருந்தால் என்னைத் தண்டித்திருப்பார்கள். பெருமைக்காரர்தான், ஆனால் அந்தப் பேச்சில் பொய் இல்லை. தோற்று வீடு திரும்பும் வழி 133-லேயே அடைபட்டுவிட்டது.

அவரைக் கி.மு. 44 மார்ச் 15-ல் குத்திக் கொன்றவர்கள், ஆளைக் கொன்றால் குடியரசு தானாகத் திரும்பும் என்று நினைத்தார்கள். திரும்பவில்லை. மறு வருஷம் சீசரின் இடத்தைப் பிடித்த அவர் ஆட்கள் மறுபடி பட்டியல் ஒட்டினார்கள், அதில் சிசரோவின் பேரும் இருந்தது. அவர் தலையையும் கையையும் வெட்டி, அவர் நின்று பேசின அதே மேடையில் வைத்தார்கள்.

அப்புறம் வந்த முதல் பேரரசர் அகஸ்டஸ்தான் கெட்டிக்காரர். கி.மு. 27-ல், குடியரசைச் செனட்டுக்கும் மக்களுக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார். படை மட்டும் அவரிடம். ட்ரிப்யூன் பதவியை எடுத்துக்கொள்ளாமல் ட்ரிப்யூனின் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். கி.மு. 26-ல் மக்கள் வாக்களிக்கப் பளிங்கில் அழகான பெரிய மண்டபம் திறந்தார்கள். சீசர் தொடங்கியது, அகஸ்டஸின் நண்பர் அக்ரிப்பா முடித்தது. மக்களுக்கு ஆட்டுத் தொழுவம் போன்ற வேலிதான் இருந்தது முன்பு. மண்டபம் வந்தபோது வாக்குக்கு மதிப்பு போயிருந்தது. அங்கே வாள்வீரர் காட்சிகள் நடந்தன. பிறகு கடைகள் வந்தன, பணக்காரர்கள் விலை உயர்ந்த சாமான் வாங்கும் இடமானது. கி.பி. 14-ல் தேர்தலைச் செனட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். கான்சல் என்ற பதவி மட்டும் கி.பி. 541 வரை ஓடியது, அதாவது குடியரசு போய் ஐந்நூறு வருஷத்துக்கு மேல்.

நம் மண்ணில் கோவை, கரூர்ப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், அவருக்கு அடுத்த பேரரசர் டைபீரியஸ் (கிராக்கஸ் அல்ல, வேறொருவர்) காலத்தவை. குடியரசில் உயிரோடு இருக்கிற ஒருவரின் முகத்தை ரோமின் காசில் போடும் வழக்கம் கிடையாது. கி.மு. 44-ல் சீசர்தான் முதலில் போட்டுக்கொண்டார். ஆக, மிளகுக்கு ஈடாக நம் முன்னோர் கையில் எண்ணி வாங்கினதில் பெரும்பகுதி குடியரசு செத்த பிறகு அடித்த காசு. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் குடியரசுப் பதவிகளின் பெயர்கள் சுருக்கெழுத்தில் இருக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. முக்கியமானது தூரம். இத்தாலி முழுவதற்கும் குடியுரிமை கொடுத்தார்கள், கி.மு. 70-ல் எண்ணினபோது சுமார் 9 லட்சம் குடிமக்கள். வாக்களிக்க எல்லாரும் ரோமுக்கே நேரில் வரவேண்டும். வாணியம்பாடியிலும் செய்யாற்றிலும் இருப்பவன் வேலூர்க் கோட்டை மைதானத்துக்கு வந்துதான் ஓட்டுப் போடலாம் என்று வைத்தால் எத்தனை பேர் வருவார்கள்? வேலைவெட்டி உள்ளவன் வரமாட்டான், அழைத்துவரப்பட்டவன் வருவான். உள்ளூரிலேயே வாக்குச்சாவடி வைக்கவேண்டும் என்பதைக் குடியரசு இருந்தவரை அவர்கள் சட்டமாக்கவே இல்லை. நாம் மலை மேல் ஒற்றை வீட்டுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

75 வருஷம்தானே என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைக்குத் தணிக்கை வந்தது. 1976 ஜனவரி 31-ல் நம் மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. 42-ஆவது திருத்தம் மக்களவையின் ஆயுளை ஐந்திலிருந்து ஆறு வருஷமாக்கியது. ரோமில் கி.மு. 121-ல் போட்ட தீர்மானம் போல நமக்கும் ஒரு சாதுவான சொல் இருந்தது, "உள்நாட்டுக் குழப்பம்". ஆனால் 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது, இந்திரா காந்தி ராய்பரேலியிலேயே தோற்றார், பதவியை விட்டு விலகினார். மூன்று வருஷத்துக்குள் தேர்தலில் நின்றே திரும்பி வந்தார். இடையில் வந்தவர்கள் 1978-ல் 44-ஆவது திருத்தத்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என்று மாற்றினார்கள், ஐந்து வருஷத்தையும் மீட்டார்கள். 133-க்குப் பிறகு ரோமானியர்களால் செய்து நிலைக்க வைக்க முடியாத காரியம் அது. 75 வருஷம் குறைவு என்று நினைக்காதே. 450 வருஷம் அதிகம் என்றும் நினைக்காதே. அங்கே அந்தப் பழக்கத்தை உடைக்க ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

தேர்வில் கேட்டால் காரணங்களை வரிசையாக எழுது, மதிப்பெண் வரும். எனக்காக நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. எந்த நாட்டுச் செய்தியைப் படித்தாலும் ஜெயித்தவர் என்ன பேசுகிறார் என்பதை விட்டுவிடு. தோற்றவர் மறுநாள் எங்கே இருக்கிறார் என்று பார். வீட்டிலா, சிறையிலா, வெளிநாட்டிலா?

2021 அக்டோபர் 12, வாக்கு எண்ணிக்கை. எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மேஜையில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாலு நிறச் சீட்டுகளையும் பிரித்து அடுக்கினார்கள். தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்புக் கட்டை இரண்டு தடவை எண்ணினார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு முடிவு சொன்னார்கள், வித்தியாசம் 11 வாக்கு. தோற்ற பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், அவள் வீட்டுக்காரர் சத்தம் போட்டார், போலீஸ்காரர் சமாதானம் சொல்லி வேனில் ஏற்றி அனுப்பினார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. காலையில் பால் வாங்கப் போனேன். மேட்டுத் தெருக் குழாயடியில் கூட்டம். ஜெயித்தவள் கழுத்தில் முதல் நாள் போட்ட மாலையின் சாயம் இன்னும் இருந்தது. வரிசையில் நாலாவதாக, கண் வீங்கி, இடுப்பில் குடத்தோடு தோற்றவள் நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள்தான் குரல் கொடுத்தாள்: "ஏன் அண்ணி, இந்த மோட்டாரை எப்ப எறக்கப் போற?"